பேசாதிருத்தலும் பாதகமே

கற்பிட்டிக் கடலிலே கடற்படையினர் கஞ்சாவும் போதை மாத்திரைகளும் கைப்பற்றினர் என்னுஞ் செய்தி நமக்குப் புதியதன்று. மூட்டைகளின் நிறையைப் பத்திரிகைகள் கிலோக்கணக்கில் அறிவிக்கின்றன. ஆனால், புத்தளக் கரையோரத்து வாடிகளிலும் வீடுகளிலும், ஹெரோயினுக்கோ ஐசுக்கோ அடிமைப்பட்ட மைந்தனை வைத்துக்கொண்டு வாய்திறவாதிருக்கும் பெற்றோரின் துயரை எந்தத் தராசு நிறுக்கும்?

“வெளியிலே தெரிந்தால் குமர்ப்பிள்ளைகளின் கலியாணம் குழம்பும்” என்பதே இம்மௌனத்துக்குக் கூறப்படும் நியாயம். மானத்தைக் காக்க மகனைப் பலிகொடுக்கும் இந்நியாயத்தை நாம் நிராகரித்தல் வேண்டும்.

மௌனம் கலையும்போதோ வசையும் அடியுமே மொழியாகின்றன. இறுதியிற் பொலிஸ் நிலையம். அரசும் இவ்வழியையே நாடிற்று. 2023 டிசம்பர் 17இல் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையிலே சில வாரங்களுக்குள் 29,000க்கு மேற்பட்டோர் கைதாயினர். அதனை இடைநிறுத்துமாறு 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் வேண்டினர். விற்பவனைப் பிடிப்பது வேறு. நோயாளிக்கு விலங்கிடுவது வேறு.

“பேசினால் திருந்துவானா?” என்று ஏளனஞ் செய்வோருமுளர். அவர்க்கு விடை 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்விலே உண்டு. சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளரின் குடும்பத்தவர் அதிற் பயிற்றப்பட்டனர். சுற்றத்தார் ஒன்றுகூடி நேருக்குநேர் நெருக்கும் முறையால் 30 வீதத்தினரே சிகிச்சைக்கு வந்தனர். சண்டையின்றிப் பேசவும், குடியாத வேளையிற் பரிவு காட்டவும் குடும்பத்தவர் பயின்றபோது 64 வீதத்தினர் வந்தனர்.

ஆகவே பேசுக. மயக்கந் தெளிந்த வேளை பார்த்து, தனிமையிற் பேசுக. “குடியைக் கெடுத்தவனே” என்று தொடங்காது, “ரெண்டு நாளாச் சோறு தின்னயில்ல மகன், எனக்குப் பயமா இருக்கு” என்று தொடங்குக. காசை மறுக்கலாம், சோற்றை மறுத்தலாகாது. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கத்தை அறிந்து வைத்துக்கொள்க. ஹெரோயினைச் சில வாரம் நிறுத்தியவனின் உடல் பழைய அளவைத் தாங்காது. மீண்டும் அவ்வளவை ஏற்றினால் உயிரே போகலாம். ஆதலால், மறுபடி வழுவியவனை வீட்டினின்று துரத்துதல் அவனைச் சாவின் வாயிலிலே நிறுத்துவதாகும்.

நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் மேடையிலே மணிக்கணக்காய்ப் பேச வல்லோம். வீட்டுத் திண்ணையிற் குந்தியிருக்கும் தம்பியுடன் பத்து நிமிடம் பேசத் துணியாவிடின், நாம் கற்ற தமிழ் எதற்கு?