மாநகராட்சி எல்லைக்குள் யார் வருகிறார்கள்?

ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள் என்றதும் முதலில் எழுவது சொத்து வரிக் கூச்சல். வரி உயரும் என்பது உண்மைதான். ஆனால் மனை வைத்திருப்பவருக்கு நிலத்தின் விலையும் சேர்ந்தே ஏறும். விற்க முடியாத நிபந்தனைப் பட்டாவிலோ, பட்டாவே இல்லாத புறம்போக்கிலோ வாழும் காலனிக்காரருக்கு அந்த விலையேற்றத்தில் என்ன பங்கு? அவருக்கு ஊரகத்துக்கு மட்டுமே உரிய வேலை உறுதி பறிபோகிறது.

நகர எல்லைகளை முனைவர் பட்டத்துக்காக ஆராயும் எனக்கு, சென்னையின் வரைபடம் ஒரு குற்றப்பத்திரிகை போலத் தெரிகிறது. 2011இல் 42 உள்ளாட்சிகளை விழுங்கி, 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக மாநகராட்சி விரிந்தது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் அப்போதுதான் உள்ளே வந்தன. கூவத்தின் கரையிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் பிடுங்கி அங்கே கொட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் பிற உழைக்கும் மக்களும். வெளியே துரத்திய நகரமே பின்னாலேயே வந்து வரி கேட்டது. சரி, அத்தோடு முடிந்ததா? அடுத்த பெரிய குடியமர்த்தலைப் புதிய எல்லைக்கும் வெளியே, பெரும்பாக்கம் ஊராட்சியில் கட்டினார்கள். தலைமுறைகளாகச் சென்னையில் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடியில் ஏறி, காகிதத்தில் கிராமத்தார் ஆனார்கள்.

"அப்படியானால் கிராமமே நல்லது என்கிறீர்களா?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். இல்லவே இல்லை. கிராமத்தைக் கொண்டாடியவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையிலேயே பதில் சொல்லிவிட்டார். ஆனால் ஊராட்சித் தலைவர் நாற்காலி நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. அதில் அமர்ந்ததற்காகத்தான் 1997இல் மேலவளவு முருகேசனையும் உடனிருந்த ஐவரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை தேர்தலையே முறையாக நடக்கவிடவில்லை. அப்படி வென்ற பதவியைக் கலைக்க ஓர் அரசாணை போதுமென்றால், ஈடாக என்ன தருகிறார்கள்? சராசரியாக 30,000 பேருக்கு ஒரு கவுன்சிலர். ஒரு சேரியை இரண்டு வார்டுகளாக வெட்டிவிட்டால் அந்தக் குரலும் கேட்காது.

ஆகவே இணைப்பை எதிர்ப்பதா, ஆதரிப்பதா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. அரசாணை வருமுன் காலனிகளுக்குப் பட்டா வர வேண்டும். ஊரக வேலை உறுதியை இழப்பவர்களுக்கு நகரத்தில் வேலை உறுதி வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஊர்த்தெருக் கல்யாண மண்டபத்தில் நடத்தாமல் சேரிக்குள் நடத்தட்டும். வார்டு வரைபடத்தை அங்கேயே விரித்துக் காட்டட்டும்.