லத்தி பிடித்த கை ஓட்டுக் கேட்டு வருகிறது! கணக்குக் கேட்காமல் விடலாமா?

 

நம் தொகுதியில் மூலைக்கு மூலை ஒரு சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். முறுக்கிய மீசை, கும்பிட்ட கை, "நேர்மையின் சிகரமே, எங்கள் தொகுதிக்கு வாருங்கள்" என்று கீழே எழுத்து. கட்சி இன்னும் வேட்பாளரை அறிவிக்கவே இல்லை. அதற்குள் டீக்கடையில் "அடுத்த எம்.எல்.ஏ. இவர்தானாம்" என்று பேச்சு. யார் இவர்? நம் மாவட்டத்தில் காவல்துறைக் கண்காணிப்பாளராக இருந்தவர். கரும்புப் பாக்கி கேட்டு ஆலை வாசலில் உட்கார்ந்த நம்மை அடித்து விரட்ட உத்தரவு போட்டவர். ஓய்வு பெற்று, காக்கியைக் கழற்றி, வெள்ளை வேட்டி கட்டியிருக்கிறார். அவர் பெயரை இந்தத் துண்டறிக்கையில் நாம் அச்சிடவில்லை. அச்சிட்டால் அவதூறு வழக்கு வரும். இருக்கிற வழக்குகளுக்கே வாய்தாவுக்கு அலைந்து மாளவில்லை. பெயர் போடாமலே உங்களுக்கு ஆள் தெரியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். போலீஸ்காரர் அரசியலுக்கு வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. 25 வயது நிரம்பிய, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எந்தக் குடிமகனும் சட்டமன்றத்துக்கு நிற்கலாம். அரசு வேலையை விட்டுவிட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். காவல் நிலையத்தில் இரவு பகலாக நிற்கிற கான்ஸ்டபிள் நம் வீட்டுப் பிள்ளைதான். அன்றைக்கு ஆலை வாசலில் நம்மை அடித்த பையன்களில் ஒருவனின் அப்பாவுக்கும் அதே ஆலையில் பாக்கி இருந்தது என்று பிறகு தெரிந்தது. அவன்மேல் நமக்குக் கோபம் இல்லை. உத்தரவு போட்டவர் ஓட்டுக் கேட்டு வருகிறாரே, அவரிடம்தான் நமக்குக் கேள்வி இருக்கிறது.

அன்றைக்கு நாம் என்ன கேட்டோம்? தானமா கேட்டோம்? 1966ஆம் வருடத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்கிறது? கரும்பு ஆலைக்கு வந்து சேர்ந்த 14 நாளைக்குள் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும். இது மத்திய அரசு போட்ட ஆணை. நமக்கோ இரண்டு அரவைப் பருவத்துப் பாக்கி நின்றது. வெட்டுக்கூலியைக் கடன் வாங்கிக் கொடுத்தோம், வண்டி வாடகையை நகை வைத்துக் கொடுத்தோம், பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாமல் தவித்தோம். சட்டத்தை மீறியவன் யார்? ஆலைக்காரன். ஆனால் லத்தி யார் முதுகில் விழுந்தது?

இன்னும் ஒரு சேதி, இதைப் பலர் மறந்திருப்பீர்கள். மறியலுக்கு முன்பே ஆலை நிர்வாகத்தின்மீது நாம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லி சி.எஸ்.ஆர். ரசீதுகூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் மனு கொண்டுபோனோம். மனுவை வாங்கிக்கொண்டார்கள், அதோடு சரி. ஆனால் ஆலை மேனேஜர் "வாசலை மறிக்கிறார்கள்" என்று சொன்ன அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். ரெடி! சட்டவிரோதமாகக் கூடினார்கள், வழிமறித்தார்கள், அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார்கள் என்று பிரிவுகள் வரிசையாக விழுந்தன. மண்டபத்தில் அடைத்து சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துப் போனவர்கள் ரிமாண்டுக்குப் போனார்கள். அப்புறம் நிபந்தனை ஜாமீன். தினம் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. நடவு நேரத்தில் வயலைவிட்டு ஸ்டேஷன் வாசலில் நின்றோமே, அந்த நாட்களுக்குக் கூலி யார் தருவது?

"அவர் லஞ்சம் வாங்காதவர்ங்க, கை சுத்தம்" என்று சிலர் சொல்கிறார்கள். நம் சங்கத்திலேயே சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். அவர் காசு வாங்கினார் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் காசு வாங்காமலே ஒருவர் பணக்காரன் பக்கம் நிற்க முடியாதா? மேனேஜர் போன் பண்ணினால் ஒரு மணி நேரத்தில் படை வருகிறது, விவசாயி மனு கொடுத்தால் அது அலமாரிக்குப் போகிறது. இதில் லஞ்சம் இல்லை. ஆனால் இதற்குப் பெயர் நேர்மையா?

சட்டமும் இந்த விஷயத்தில் நம்மைக் கைவிடுகிறது. 1951ஆம் வருடத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 9ஆவது பிரிவு. ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசம் இல்லாமல் நடந்ததற்காகவோ பதவிநீக்கம் செய்யப்பட்ட அதிகாரி ஐந்து வருடம் தேர்தலில் நிற்க முடியாது. நல்லது. ஆனால் மக்களை அடித்ததற்கு? பொய்வழக்குப் போட்டதற்கு? அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

வேட்பு மனுவோடு கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தைப் பாருங்கள். படிவம் 26 என்று பெயர். நிலுவையில் உள்ள குற்ற வழக்குகளை எஃப்.ஐ.ஆர். எண், காவல் நிலையம், சட்டப்பிரிவோடு எழுத வேண்டும். 2018ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புப்படி, வழக்கு இருக்கிற வேட்பாளர் அதைப் பத்திரிகையிலும் டி.வி.யிலும் மூன்று முறை விளம்பரமாகவும் கொடுக்க வேண்டும். 2020ல் இன்னொரு தீர்ப்பு வந்தது: வழக்கு இல்லாத ஆளை விட்டுவிட்டு இவரை ஏன் நிறுத்துகிறோம் என்று கட்சியும் காரணம் சொல்ல வேண்டும். ரவுடிகள் சட்டமன்றத்துக்குள் வரக்கூடாது என்பதற்காக வந்த தீர்ப்புகள் இவை. நாம் எதிர்க்கவில்லை. ஆனால் நடப்பது என்ன? நாளைக்கே நம் ஒன்றியச் செயலாளர் தேர்தலில் நின்றால், பாக்கி கேட்டு வாசலில் உட்கார்ந்த குற்றத்துக்காக "குற்றப் பின்னணி உள்ள வேட்பாளர்" என்று தன் சொந்தக் காசில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அவரை அடிக்கச் சொன்ன அதிகாரி அதே படிவத்தில் "இல்லை, இல்லை, இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். வழக்குப் போட்ட கை சுத்தமாக இருக்கிறது. வழக்கு வாங்கியவன் குற்றவாளி!

அவர்மேல் ஏன் வழக்கு இல்லை? தப்பு செய்யாததாலா? கூட்டத்தைக் கலைக்கிறேன் என்று சொல்லி போலீஸ் அதிகாரி செய்கிற காரியத்துக்கு, அரசு முன் அனுமதி கொடுக்காமல் அவர்மேல் குற்ற வழக்கு நடத்த முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 132ஆவது பிரிவு. இப்போதைய புதிய சட்டத்தில் 151. சரி, போலீஸ்மேல் புகார் சொல்ல வேறு இடம் உண்டா? தனியாகப் புகார் ஆணையம் அமைக்கச் சொல்லி 2006ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதி தலைவர் என்றது. தமிழ்நாட்டில் 2013ல் கொண்டுவந்த சட்டத்தில் உள்துறைச் செயலாளரையே தலைவராகப் போட்டுவிட்டார்கள்! காவல்துறை யாருக்குக் கீழே இருக்கிறதோ அவரிடமே புகார். ஓநாயிடம் ஆட்டுக்குட்டி மனுக் கொடுக்கிற கதைதான்.

இது நம் மாவட்டத்தோடு முடிகிற சங்கதியும் இல்லை. 2014 ஜனவரி கடைசியில் மும்பை போலீஸ் கமிஷனர் சத்யபால் சிங் வேலையை விட்டார். மே மாதம் பாக்பத் தொகுதி எம்.பி. கான்பூர் போலீஸ் கமிஷனர் அசிம் அருண், 2022 ஜனவரி 8ஆம் தேதி, உத்தரப் பிரதேசத் தேர்தல் தேதி அறிவித்த அன்றே விருப்ப ஓய்வை வெளியில் சொன்னார், மார்ச்சில் எம்.எல்.ஏ., அப்புறம் மந்திரி. பீகார் டி.ஜி.பி. குப்தேஷ்வர் பாண்டே 2020 செப்டம்பரில் விருப்ப ஓய்வு வாங்கி ஒரே வாரத்தில் கட்சியில் சேர்ந்தார். பாவம், சீட்டுத்தான் கிடைக்கவில்லை.

மேற்கு வங்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2021 ஏப்ரல் 10ஆம் தேதி, தேர்தல் நாள், கூச்பிகார் மாவட்டம் சீதல்குச்சியில் மத்தியப் படை சுட்டு நான்கு பேர் இறந்தார்கள். அப்போது அந்த மாவட்டத்துக் கண்காணிப்பாளர் தேபாசிஷ் தர். மாநில அரசு அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. 2024ல் அவர் ராஜினாமா செய்து பீர்பூம் தொகுதியில் பா.ஜ.க. வேட்பாளராக வந்தார். சுட்டது அவர் படை இல்லை, அவர் குற்றவாளி என்று நாம் சொல்லவும் இல்லை. ஆனால் அவருடைய மனு எதற்காகத் தள்ளுபடி ஆனது தெரியுமா? அரசுக் குடியிருப்புக்கு வாடகை, கரண்ட், தண்ணீர் பாக்கி இல்லை என்கிற சான்றிதழ் வைக்காததற்கு! நான்கு உயிர் போன நாளைப்பற்றிக் கேட்க வேட்பு மனுவில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. தண்ணீர்ப் பாக்கிக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் உண்டு. முன்னாள் டி.ஜி.பி. நடராஜ் 2016ல் மயிலாப்பூரில் ஜெயித்தார். கர்நாடகத்தில் வேலை பார்த்து 2019ல் ராஜினாமா செய்த அண்ணாமலை 2021ல் அரவக்குறிச்சியிலும் 2024ல் கோவையிலும் நின்று தோற்றார். அவர்கள் கட்சி வேறு, கொள்கை வேறு, அதற்குள் நாம் போகவில்லை. நம்மிடம் வருகிறவர் விஷயம் வேறு. எந்த ஊரில் அடித்தாரோ அதே ஊரில் ஓட்டுக் கேட்கிறார்.

ஓய்வு பெற்ற உயர் அதிகாரி ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டுமானால், ஒரு வருடத்துக்குள் என்றால் அரசு அனுமதி வேண்டும். தேர்தலுக்கு அப்படி ஒரு நாள்கூட இடைவெளி கிடையாது. இடைவெளி வேண்டும் என்று தேர்தல் ஆணையமே 2012ல் எழுதியது. மத்திய அரசு ஏற்கவில்லை. 2022ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுவும் தள்ளுபடி. அது சட்டம் இயற்றுகிறவர்கள் முடிவு செய்ய வேண்டியது என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் இயற்றுகிறவர்கள் யார்? இப்படி வந்து உட்கார்ந்தவர்களும்தானே!

இடைவெளி ஏன் முக்கியம்? நாளைக்கு ஒரு கட்சியில் சீட்டு வேண்டும் என்று நினைக்கிற அதிகாரி, இன்றைக்கு நாற்காலியில் இருக்கும்போதே யார் மனசு கோணாமல் நடப்பார்? ஆலை முதலாளி தேர்தல் நிதி கொடுக்கிறவர். நாம் பாக்கி கேட்கிறவர்கள்.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். யூனிட்டுக்கு ஒரு பைசா மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடியதற்கு 1970 ஜூன் 19ஆம் தேதி பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகளைச் சுட்டுக் கொன்றார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த 1972 போராட்டத்திலும் குண்டு பாய்ந்தது. ஜூலை 5ஆம் தேதியை இன்றைக்கும் தியாகிகள் தினமாகக் கும்பிடுகிறோம். அந்த உயிர்களைக் கொடுத்துத்தான் இலவச மின்சாரம் வந்தது. செத்தவர்கள் பெயர் நம் நினைவுத்தூணில் இருக்கிறது. சுடச் சொன்னவர்கள் பெயர் எங்கே இருக்கிறது? 2017 ஜூன் 6 மத்தியப் பிரதேசம் மந்த்சௌரில் விலை கேட்ட விவசாயிகளைச் சுட்டார்கள். முதலில் போலீஸ் சுடவே இல்லை என்றது அந்த அரசு, பிறகு ஒப்புக்கொண்டது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 காவல்துறையினர் பெயரைச் சொல்லி நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2022ல் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 2023 நவம்பரில் செய்யாறு மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்த ஏழு விவசாயிகள்மேல் குண்டர் சட்டம்! உத்தரவில் கையெழுத்து கலெக்டருடையது. ஆனால் "இவன் வெளியே இருந்தால் ஆபத்து" என்று கோப்பு தயாரிப்பது போலீஸ். தமிழ்நாடு கொதித்த பிறகுதான் ரத்து செய்தார்கள்.

எம்.எல்.ஏ.வின் வேலை என்ன? நூறு பேர் வாசலில் நின்றால் என்ன குறை என்று கேட்பது. கலெக்டர் ஆபீசில் முத்தரப்புக் கூட்டத்தில் நம் பக்கம் உட்காருவது. காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது "ஏன் அடித்தாய்" என்று எழுந்து கேட்பது. முப்பது வருடமாக நூறு பேரைப் பார்த்தாலே "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை" என்று பழகிய கண்ணுக்கு, திடீரென்று அவர்கள் குடிமக்களாகத் தெரிவார்களா? தெரியலாம். மனசு மாறியவர்களும் உண்டு. மாறினாரா என்று அவர் வாயால் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம்.

ஆகவே அவர் ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வந்தால் கறுப்புக்கொடி வேண்டாம், கல் வேண்டாம், கூச்சல் வேண்டாம். திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள், மோர் கொடுங்கள், கேளுங்கள். ஐயா, அன்றைக்கு ஆலை வாசலில் தடியடிக்கு உத்தரவு போட்டது நீங்களா, மேலிடமா? மேலிடம் என்றால் யார்? 14 நாளில் பணம் தராத ஆலைமேல் ஏன் ஒரு வழக்கும் போடவில்லை? எங்கள்மேல் இருக்கிற வழக்குகளை வாபஸ் வாங்கச் சொல்லி அரசுக்குக் கடிதம் எழுதுவீர்களா, இப்போதே, ஓட்டுக்கு முன்னாலே? எழுதினால் நகல் சங்கத்துக்கு வேண்டும். மழுப்பினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் முன்னால் நின்று கேளுங்கள். அன்றைக்குக் கைமுறிந்த நம் அம்மா இன்னும் கரும்பு சோகை உரிக்கப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார். அவர் வீட்டுக்கும் இவர் ஓட்டுக் கேட்டுப் போகத்தானே வேண்டும்.

ஆலை வாசல் வழக்கில் பெயர் உள்ளவர்கள் எஃப்.ஐ.ஆர். நகல், ஜாமீன் உத்தரவு, ஆஸ்பத்திரிச் சீட்டு எது இருந்தாலும் ஜெராக்ஸ் எடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். பாக்கி விவரம் எழுதிய ஆலைச் சீட்டும் சேர்த்து. எல்லாவற்றையும் தொகுத்து அச்சடித்து, எந்தக் கட்சி அவருக்குச் சீட்டுக் கொடுக்கப் பார்க்கிறதோ அந்தக் கட்சித் தலைமைக்கும், மற்றக் கட்சிகளுக்கும் நேரில் கொடுக்கப் போகிறோம். வாகன வசதி செய்யப்பட்டிருக்கிறது. வருகிறவர்கள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.