அறிவியலுக்கு டியூஷன் தேடும் முன்...



காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீடு வந்து சேர்ந்துவிட்டன போலும். இந்த வாரம் மட்டும் நாலைந்து பேர் போனில் கூப்பிட்டுவிட்டீர்கள். எல்லோர் கேள்வியும் ஒன்றுதான். "சார், பையன் ஏழாவது. மத்த பாடம் பரவாயில்லை, சயின்ஸ்ல மட்டும் மார்க் இறங்குது. எந்த டியூஷன்ல சேர்க்கலாம்?" தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு, ஏழு, எட்டு படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அறிவியலுக்கென்று டியூஷன் தேவையில்லை. வீட்டில் யாராவது ஒருவர் தினமும் கால் மணி நேரம் அந்தப் பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். அவர் அறிவியல் படித்தவராகவோ இங்கிலீஷ் தெரிந்தவராகவோ இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஏன் என்றால், இந்த வயதில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் சொற்களில்தான். "காரம்" என்றால் வீட்டில் மிளகாய். பாடத்தில் சுண்ணாம்பும் சோப்பும். "ஐஸ் கரைஞ்சு போச்சு" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம்; பாடத்தில் ஐஸ் உருகும், சர்க்கரைதான் கரையும். கடைக்காரர் எடை போட்டு ஒரு கிலோ தருகிறார். பாடத்திலோ கிலோகிராம் நிறையின் அலகு, எடைக்கு அலகு நியூட்டன். இதை யாரும் பிரித்துச் சொல்லாவிட்டால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்குச் சுமை இன்னும் கூடுதல். எவாப்பரேஷன் என்றால் என்ன என்று கேளுங்கள், தடையில்லாமல் ஒப்பிக்கும். வெயிலே இல்லாத நாளில் ஃபேனுக்குக் கீழே போட்ட துணி எப்படிக் காய்கிறது என்று கேளுங்கள், முழிக்கும். டியூஷனில் அதே கேள்வி பதிலை இன்னொரு முறை எழுத வைப்பார்கள். அடுத்த தேர்வில் ஐந்து மார்க் ஏறலாம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பழைய கதைதான்.

நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் ஆறாவதில் புரியாமல் விட்டது ஒன்பதாவதில்தான் வெளியே தெரிகிறது. அதற்குள் பிள்ளை "எனக்கு சயின்ஸ் வராது" என்று தானே தீர்ப்பு எழுதியிருக்கும். பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுப்பதும் அந்தத் தீர்ப்பை வைத்துத்தான். நல்ல மூளையுள்ள எத்தனையோ பிள்ளைகள் இப்படி ஒதுங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மார்க்கைவிட இதற்குக் கவலைப்படுகிறேன்.

சரி, அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்வது?

முதலில் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். "இன்னிக்கு என்ன நடத்துனாங்க, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். எங்கே திணறுகிறதோ அங்கேதான் புரியவில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து, தான் சொன்னதற்குப் பாடத்தில் என்ன பெயர் என்று தேடட்டும். எழுதிப் பார்ப்பது அதற்கும் பிறகு.

அடுத்தது, எதையும் செய்து பார்க்கும் முன் என்ன நடக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். ஆரத்திக்கு மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தால்? பிள்ளை ஒரு பதில் சொன்னபின் பிழியுங்கள். புளிப்பு போதுமான அளவு சேர்ந்ததும் மறுபடி மஞ்சளாகும். அமிலம், காரம், நிறங்காட்டி மூன்றும் ஒரே தட்டில் முடிந்தது.

சாதம் கொதிக்கும்போது தீயைக் கூட்டினால் தண்ணீரின் சூடு கூடுமா என்று கேளுங்கள். கூடாது. திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியிலேயே நிற்கும். கூடுதல் தீயெல்லாம் ஆவியாகத்தான் போகும். குக்கரில் அழுத்தம் கூடுவதால் சுமார் 120 டிகிரி வரை ஏறும், அதனால் பருப்பு சீக்கிரம் வேகும். கேஸ் மிச்சமாவதும் லாபம்தான்!

பதில் தப்பாக இருந்தால் திட்டாதீர்கள். "எதை வச்சு அப்படிச் சொல்றே?" என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து புத்தகத்தைப் பாருங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

"மார்க் வேணுமே சார்?" என்பீர்கள். வேண்டும்தான். படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகம் குறிப்பது, கணக்கில் அலகை விடாமல் எழுதுவது, இரண்டும் எழுதி எழுதித்தான் வரும். வரையறையையும் மனப்பாடம் செய்யட்டும், ஆனால் புரிந்த பிறகு செய்யட்டும்.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் கேள்வி கேட்டதும் முதலில் கை தூக்கும் பிள்ளையிடம் போய்விடாதீர்கள். பத்து விநாடி பொறுங்கள். கடைசி பெஞ்சிலும் ஒரு பதில் உருவாகிக்கொண்டிருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆரத்தித் தண்ணீர் சோதனையைச் செய்யுங்கள். எலுமிச்சம்பழம் பிழியும் முன் உங்கள் பிள்ளை என்ன சொன்னது என்று கமெண்டில் எழுதுங்கள். சரியான பதில்தான் வேண்டும் என்பதில்லை. எல்லாவற்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர் (ஓய்வு)