சங்கீத உபாத்தியாயரின் ஒரு நாள்

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுள் எல்லாராலும் வேண்டப்படுபவராயும் ஒருவராலும் மதிக்கப்படாதவராயும் இருப்பவர் யார் என்று எவரேனும் வினவின், சங்கீத உபாத்தியாயரே என்று தயங்காது விடை கூறலாம். காலைப் பிரார்த்தனைக்கு அவர் வேண்டும். அதிகாரிகள் வருகைக்கு அவர் வேண்டும். ஆண்டு விழாவுக்கு அவர் இன்றியமையாதவர். விழா முடிந்து பந்தல் பிரித்த மறுநாளோ, அவர் வந்தாரா இல்லையா என்று கேட்பாரும் இலர். இந்நிலை தக்கதன்று என்பது நம் கருத்து. அதனை விளக்கும்பொருட்டு அவருடைய ஒரு நாளை நம் அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

தேனியினின்று கம்பம் செல்லும் சாலையில், முல்லைப் பெரியாற்றை அடுத்துள்ளது பழனிசெட்டிபட்டி. மேற்கே கடலை நோக்கி ஓடிய நீர், 1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டபின், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிக் கம்பம் பள்ளத்தாக்கை வளம் பெறச் செய்தது. வயல் உள்ள இடத்தில் பாட்டு உண்டு. நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அறியாத வீடு இப்பக்கத்தில் முன்னாளில் அரிது. இதே பள்ளத்தாக்கைச் சேர்ந்த பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜா, சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகப் பயிலுமுன்னரே, தம் தமையனார் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராய்ச் சென்று பாடியும் வாசித்தும் இசையறிவு பெற்றவர். ஆகலின் இம்மண்ணில் இசைக்குப் பஞ்சமில்லை. அஃது எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டுகின்றதா என்பதே கேள்வி.

இவ்வூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியையும், அதில் ஒரு சங்கீத உபாத்தியாயரையும் மனத்தில் கற்பித்துக்கொள்வோம். இவர் குறித்த ஒருவரல்லர். தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றிலும் இவரைப் போன்றாரைக் காணலாம்.

காலை மணியடித்ததும் அவர் வேலை தொடங்குகிறது. மைதானத்தில் மாணாக்கர் வரிசையாய் நிற்கின்றனர். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட நாடகத்தினின்று எடுக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்து, மோகன ராகத்தில், திசிர நடையில், 55 விநாடிக்குள் பாடி முடிக்கப்பெற வேண்டும். 2021-இல் அதனை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாங்கம், பொது நிகழ்ச்சிகளில் இசைத்தட்டை ஒலிக்கவிடாது வாய்ப்பாட்டாகவே பாடவேண்டும் என்றும் கூறிற்று. நல்ல கட்டளை. ஆயினும் மைதானத்தில் நிகழ்வது யாது? ஒலிபெருக்கியின்முன் நால்வர் பாடுகின்றனர்; ஏனையோர் கேட்டு நிற்கின்றனர்.

முதற் பாட வேளை ஆறாம் வகுப்புக்கு. சரளி வரிசையில் இரண்டாவது வரிசை முடியுமுன் மணியடித்துவிடுகிறது. இரண்டாம் வேளையில், விடுப்பிலிருக்கும் மற்றோர் ஆசிரியரின் வகுப்பில் அமைதி காக்க அனுப்பப்படுகிறார். மூன்றாம் வேளை ஒன்பதாம் வகுப்புக்கு உரியது, வாசலிலேயே கணித ஆசிரியர் காத்திருந்து, “ஐயா, பரீட்சை நெருங்குகிறது, இந்த வேளையை எனக்குத் தந்துவிடுங்கள்” என்கிறார். நம் உபாத்தியாயர் புன்னகையோடு தந்துவிடுகிறார். சென்ற வாரமும் தந்தார். அடுத்த வாரமும் தருவார். பிற்பகலில் போட்டிக்குத் தேர்ந்தெடுத்த பன்னிரு பிள்ளைகளுக்குப் பயிற்சி. மாலையில் ஆர்மோனியத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பேருந்துக்கு நிற்கிறார்.

கணித ஆசிரியரை நாம் குறை கூறவில்லை. மதிப்பெண்ணுக்கு விடை சொல்லவேண்டியவர் அவர். சங்கீதத்துக்கோ பொதுப் பரீட்சையில் மதிப்பெண் இல்லை. சட்டமும் திட்டமும் சங்கீதத்தை மறந்தன என்றும் சொல்ல இயலாது. 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வரைவு, பத்தாம் வகுப்பு வரையில் கலைக் கல்வி எல்லாருக்கும் உரிய பாடமாதல் வேண்டும் என்றது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், நூறு பேருக்கு மேற்பட்ட நடுநிலை வகுப்புகளுள்ள பள்ளிகளில் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றது. அதனையொட்டித் தமிழ்நாட்டில் 2012-இல் சிறப்பாசிரியர் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டோர், இசையாசிரியர் உட்பட, மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பெற்றனர். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டதாயினும், அரை நாள் உபாத்தியாயரிடம் பிள்ளைகளும் அரை மனத்தோடேயே அமர்வர் என்பது வெளிப்படை.

எனினும், ஊதியக் குறையினும் நேரக் குறையினும் பெரிய குறை ஒன்று உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

நாம் சிறுவராயிருந்த காலத்தில், பள்ளி விழாவொன்றிற்கு வகுப்பு முழுவதும் சேர்ந்து பாடப் பழகினோம். ஒரு நாள் உபாத்தியாயர் வரிசையாக ஒவ்வொருவர் அருகிலும் வந்து செவி சாய்த்துக் கேட்டார். நம் அருகில் வந்ததும் நின்றார். “நீ பாடவேண்டா, வாயை மட்டும் அசை” என்றார். அவர் கொடியவரல்லர், விழா நன்கு நடக்கவேண்டும் என்பதே அவர் கவலை. நாமும் அவ்வாறே வாயை அசைத்தோம். அன்று தொடங்கி நெடுங்காலம், கோயிலிலும் கூட்டத்திலும் நண்பர் நடுவிலும், வாயை அசைத்தே வந்தோம். இதைப் படிப்போரில் எத்தனையோ பேர், “எனக்கும் அவ்வாறே நேர்ந்தது” என்று தமக்குள் சொல்லிக்கொள்வர் என்று நம்புகின்றோம்.

அச்சிறுவர்க்குக் குரல் இல்லையா? இருந்தது. ஆடவர் குரலுக்கு ஏறக்குறைய 1 கட்டையும், பெண்டிர் குரலுக்கு 5 கட்டையும் இசைந்த சுருதி என்பது வழக்கு. சிறுவர் குரல் பெண்டிர் குரலை ஒட்டியது. ஆண் உபாத்தியாயர் தமக்கு இசைந்த சுருதியில் பாடிக் காட்டும்போது, எங்கே பற்றுவது என்றறியாத பிள்ளை தடுமாறுகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதிலோ, குரல்வளை வளர்ந்து மகரக்கட்டு வந்துவிடுகிறது. நேற்று எட்டிய சுரம் இன்று எட்டுவதில்லை. முன்னாளில் பாலர் நாடக சபைகளில் மகரக்கட்டு வந்த பையன் பாடும் வேடத்தை இழப்பது வழக்கம். நாடக சபை டிக்கெட்டு விற்றுப் பிழைக்கவேண்டியது. அதற்கு வேறு வழியில்லை. பள்ளிக்கூடமும் அவ்வழியே செல்லலாமா? கணக்கில் தவறியவனை, “நீ கணக்குப் போடவேண்டா, பேனாவை மட்டும் அசை” என்று எந்த உபாத்தியாயராவது சொல்வாரா?

நம் நாட்டு மிஷன் பள்ளிகளுக்கு இவ்விஷயத்தில் ஒரு நல்ல மரபு உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோர் இயற்றிய கீர்த்தனைகளைச் சபையார் எல்லாருமே பாடினர். குரல் நயமுடையோர் மட்டும் பாடுக, ஏனையோர் கேட்க என்னும் பிரிவு அங்கே இல்லை. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, தஞ்சையில் பள்ளி ஆசிரியராயிருந்த ஆபிரகாம் பண்டிதரே 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெரு நூலை வெளியிட்டார் என்பதையும் நினைக்கவேண்டும். கடல் கடந்து நோக்கின், ஹங்கேரி தேசத்தில் கோடாய் என்னும் இசைப்புலவர், தம் நாட்டு மக்கள் பாட்டுக்களைக்கொண்டே பள்ளிப் பிள்ளைகள் எல்லாரையும் பாடச் செய்யலாம் என்று காட்டினார். அங்கே இயன்றது கம்பம் பள்ளத்தாக்கில் இயலாதா?

“போட்டியும் பரிசும் வேண்டாவா?” என்று சிலர் கேட்கலாம். வேண்டும். 2022-இல் தொடங்கிய பள்ளிக் கலைத் திருவிழாவினால், மேடையையே காணாத ஏழைப் பிள்ளைகள் பலர் மேடையேறினர். அதனை நாம் மனமாரப் போற்றுகின்றோம். ஆனால் பன்னிருவர் பெறும் கேடயம், மற்றைய மாணாக்கரின் மௌனத்துக்கு ஈடாகாது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. வாரத்தில் சங்கீதத்துக்கென ஒதுக்கிய ஒரு வேளையை எவரும் கடன் கேட்கலாகாது, கேட்பினும் கொடுக்கலாகாது. உபாத்தியாயர் தம் சுருதியைப் பிள்ளைகளுக்காக மாற்றிக்கொள்ளவேண்டும். மகரக்கட்டு வந்தவனுக்குக் கீழ்ச் சுரங்களில் இடம் தரவேண்டும். தலைமையாசிரியரோ, ஆண்டு முடிவில், “எத்தனை பரிசு?” என்று கேட்குமுன், “எத்தனை பேர் பாடுகின்றனர்?” என்று கேட்கவேண்டும்.

இக்கலாசாலையில் பயிலும் மாணாக்கரில் பலர் நாளை உபாத்தியாயர் ஆவர். வேறு பாடம் கற்பிக்கச் செல்வோரும் ஒரு நாள் சங்கீத உபாத்தியாயரின் அறை வாசலில், அவருடைய வேளையைக் கேட்டு நிற்க நேரும். அன்று கடைசி வரிசையில் வாயை மட்டும் அசைத்து நிற்கும் சிறுவன் ஒருவனை நினைந்து, கேளாது திரும்பிச் செல்வார்களாக.