வீடும் சகோதரியும்

நாங்கள் சிலர் பஷ்தோ மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கியிருக்கிறோம். வலமிருந்து இடமாக எழுதும் மொழி. பாரசீகத்தில் இல்லாத ‘ட’வும் ‘ண’வும் இதில் உண்டு, நம் நாக்குக்கு அவை சொந்த ஒலிகள். ‘கோர்’ என்றால் வீடு. அதே சொல்லின் முதல் ஒலியைத் தொண்டையில் உரசிச் சொன்னால் சகோதரி.

பஷ்தூன் பெண்கள் ‘லண்டை’ பாடுகிறார்கள். இரண்டே அடி; முதலடியில் 9 அசை, அடுத்ததில் 13. காதலும் போரும் வசையும் அதில் வரும். பாடியவள் பெயர் மட்டும் வராது.

பெயர் தெரிந்தால் என்ன ஆகும்? ஹெல்மந்த் மாகாணத்து இளம்பெண் ஒருவர், காபூலின் ‘மிர்மன் பஹீர்’ பெண்கள் இலக்கிய அமைப்புக்குத் தொலைபேசியில் கவிதை வாசித்துவந்தார். புனைபெயர் ரஹீலா முஸ்கா. சகோதரர்கள் கண்டுபிடித்து அடித்தார்கள், நோட்டுகளைக் கிழித்தார்கள். 2010இல் அவர் தனக்குத் தீ வைத்துக்கொண்டு இறந்தார். ‘முஸ்கா’ என்றால் புன்னகை.

தோழர்களே, இது எங்கோ நடந்த கதை என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை. சாதி ஆணவமும் பெண்ணின் சொல்லை வீட்டுக்குள்தான் முதலில் பூட்டுகிறது. மேடையில் சமத்துவம் பேசும் நாம், தங்கையும் அக்காவும் எழுதியதை என்றாவது கேட்டு வாங்கிப் படித்திருக்கிறோமா? படிப்போம். அவர்கள் சம்மதித்தால், ஒரு சொல்லையும் வெட்டாமல், அவர்கள் பெயரிலேயே வெளியே கொண்டுவருவோம்.