எட்டு மாணவர்களும் ஒரு தலையங்கமும்

சர்வகலாசாலை மாணவர்கள் நடத்தும் பத்திரிகைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ஷிப்டு முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு மில் கேட்டைத் தாண்டி வருகிற தொழிலாளிக்கு அதனால் என்ன லாபம்? நடவு முடித்துச் சேற்றுக் காலோடு வரப்பேறுகிற விவசாயத் தொழிலாளிக்கு அதில் என்ன அக்கறை? படித்த வீட்டுப் பிள்ளைகள் எதையோ எழுதுகிறார்கள், எழுதிவிட்டுப் போகட்டும் என்று சில தோழர்கள் நினைக்கக்கூடும்.

அப்படி நினைப்பது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறோம். வெறும் உபதேசமாகச் சொல்ல விரும்பவில்லை. நடந்த கதை ஒன்றைச் சொல்லுகிறோம். சிங்கப்பூரில் நடந்த கதை. நம்மவர் வியர்வையும் ரத்தமும் சிந்திய மண்ணில் நடந்த கதை.

எந்தக் காலத்தில் பிறந்தது அந்த ஏடு?

1948 ஜூன் மாதத்தில் மலேயாவில் பிரிட்டிஷ் ஏகாதிபத்திய சர்க்கார் அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. ரப்பர்த் தோட்டத் தொழிலாளரும் ஈயச் சுரங்கத் தொழிலாளரும் சேர்ந்து கட்டிய தொழிற்சங்க சம்மேளனத்தை அதே ஆண்டில் தடை செய்தது. அந்தச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர் தஞ்சைச் சீமையில் பிறந்த தோழர் எஸ்.ஏ. கணபதி. கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி, 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். சுமார் ஐந்து லட்சம் ஏழை மக்களைக் குடிசைகளிலிருந்து பெயர்த்தெடுத்து முள்வேலி போட்ட புதுக் கிராமங்களில் அடைத்தார்கள். யாரையும் விசாரணையின்றிச் சிறையிலிடலாம் என்பதே அன்றைய சட்டம்.

தொழிலாளியின் வாயைக் கட்டியாயிற்று. இனி யார் பேசுவது?

1949 அக்டோபரில் சிங்கப்பூரில் மலாயா சர்வகலாசாலை தொடங்கப்பட்டது. காலனி ஆட்சிக்கு டாக்டர்களும் அதிகாரிகளும் குமாஸ்தாக்களும் வேண்டும். அதற்காகத் திறந்த கல்விச்சாலை அது. ஆனால் பள்ளிக்கூடத்தைத் திறப்பவன் கையில் மாணவனின் மூளைக்குச் சாவி இருப்பதில்லை. 1953 பிப்ரவரியில் அங்கே சோஷலிஸ்டுக் கழகம் என்ற மாணவர் அமைப்பு உருவாயிற்று. அது ஒரு பத்திரிகையைத் தொடங்கிற்று. அதன் பெயர் ‘ஃபஜார்’. மலாய் மொழியில் விடியல் என்று பொருள்.

விளையாட்டுப் போட்டி முடிவுகளும் விடுதிச் சாப்பாட்டுக் குறைகளும் மட்டும் அதில் வரவில்லை. மலேயாவின் செல்வம் யார் கைக்குப் போகிறது, சுதந்திரம் எப்போது, சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே மக்களாக நிற்பது எப்படி என்ற கேள்விகளை அது எழுப்பியது. இனவாரியாகப் பிரித்து வைத்து ஆண்ட வெள்ளைக்காரனுக்கு, எல்லா இனத்து இளைஞரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே பத்திரிகையை எழுதுவதே பெரிய உறுத்தலாயிருந்திருக்கும்.

விடியற்காலை வேட்டை

1954 மே 7ஆம் தேதி வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்தது. பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் முதுகெலும்பை வியட்நாம் விவசாயிகளின் படை முறித்தது. உடனே அமெரிக்காவும் பிரிட்டனும் தென்கிழக்கு ஆசியாவுக்கென ஒரு ராணுவக் கூட்டணி அமைக்கும் பேச்சைத் தீவிரமாக்கின. அந்தக் கூட்டணிதான் அதே ஆண்டு செப்டம்பரில் சீட்டோ என்ற பெயரில் பிறந்தது.

மே 10ஆம் தேதியிட்ட ‘ஃபஜார்’ இதழில் ‘ஆசியாவில் ஆக்கிரமிப்பு’ என்ற தலைப்பில் தலையங்கம் வெளிவந்தது. இந்த ராணுவக் கூட்டணி யாருக்காக என்று அது கேட்டது. ஆசிய மக்களின் விடுதலையை நசுக்கவே என்று பதிலும் சொன்னது. மலேயாவில் நடக்கும் காலனி ஆட்சியையும் கண்டித்தது.

மூன்று நாள் கழித்து, மே 13ஆம் தேதி, கட்டாய ராணுவ சேவைப் பதிவை எதிர்த்துத் தெருவில் இறங்கிய சீனப் பள்ளி மாணவர்களைப் போலீஸார் தடிகொண்டு தாக்கினார்கள். மே 28ஆம் தேதி போலீஸ் ‘ஃபஜார்’ மீது பாய்ந்தது. ஆசிரியர் குழுவைச் சேர்ந்த எட்டு மாணவர்கள் கைதானார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி, போ சூ காய், எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி, எட்வின் தம்பூ, க்வா பூ சுன், லாம் குவான் கிட், தாமஸ் வர்க்கி என்பவர்கள் அந்த எண்மர். அந்தப் பெயர்களை ஒரு தரம் உரக்கப் படித்துப் பாருங்கள், தோழர்களே! ஏகாதிபத்தியம் பிரித்து வைத்தவர்கள் எல்லாம் ஒரே குற்றப் பத்திரிகையில் ஒன்றாக நின்றார்கள்.

குற்றம் என்ன? கொள்ளையா? கொலையா? இல்லை. ராஜத் துவேஷம். அதாவது, ஆளுகிறவன் மீது மக்களுக்கு வெறுப்பு உண்டாகும்படி எழுதினார்களாம்!

இந்தச் சட்டம் நமக்குப் புதிதல்ல. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு முன்னே நின்ற வ.உ. சிதம்பரம் பிள்ளை மீதும் சுப்பிரமணிய சிவா மீதும் வீசப்பட்டது இதே சட்டம்தான். தூத்துக்குடியில் மில் தொழிலாளிக்காகப் பேசியவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை. சிங்கப்பூரில் ஆசிய மக்களுக்காக எழுதியவர்களுக்குக் கைவிலங்கு. வெள்ளைக்காரனின் சட்டப் புத்தகம் கடல் தாண்டினாலும் நிறம் மாறவில்லை.

கோர்ட்டில் வெற்றி

மாணவர்களுக்காக வாதாட லண்டனிலிருந்து டி.என். பிரிட் வந்தார். அடிமை நாட்டு மக்களுக்கு அன்று நன்கு தெரிந்த பெயர் அது. கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவுக்காக வாதாடியவர் அவர். தெலங்கானா விவசாயிகளின் கழுத்தில் தூக்குக் கயிறு தொங்கியபோது, 1951-ல் நமது உச்ச நீதிமன்றத்துக்கே வந்து வாதாடியவர். அந்த வக்கீல் ஒரு மாணவர் பத்திரிகைக்காகக் கடல் கடந்து வந்தார் என்றால், வழக்கு சின்னதல்ல என்பது விளங்கும்.

1954 ஆகஸ்ட் 25ஆம் தேதி தீர்ப்பு வந்தது. மாணவர் தரப்பு சாட்சிகூடச் சொல்லத் தேவையில்லை, சர்க்கார் தரப்பில் வழக்கே இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். எட்டுப் பேரும் விடுதலை. ஒரு தலையங்கம் சாம்ராஜ்யத்தின் சட்டத்தை அதன் கோர்ட்டிலேயே தோற்கடித்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் வர்க்கப் போராட்டம் சினிமாக் கதையல்ல.

பக்கத்தில் நின்ற வக்கீல்

பிரிட்டுக்குத் துணை வக்கீலாக அந்த வழக்கில் நின்றவர் ஓர் இளைஞர். லீ குவான் யூ என்று பெயர். தொழிற்சங்கங்களின் சட்ட ஆலோசகராக அப்போது பெயரெடுத்து வந்தார். ‘ஃபஜார்’ வழக்கு அவர் புகழை மேலும் உயர்த்தியது. அதே ஆண்டு நவம்பரில் மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டபோது, சோஷலிஸ்டுக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் அதில் தோள் கொடுத்தார்கள். துறைமுகத்திலும் பஸ் டிப்போக்களிலும் தொழிற்சாலைகளிலும் தொழிலாளர் தந்த பலத்தில் 1959-ல் அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தது. லீ பிரதமரானார்.

1961-ல் கட்சி பிளந்தது. இடதுசாரிகள் பாரிசான் சோஷலிஸ் என்ற கட்சியை அமைத்தார்கள். 1963 பிப்ரவரி 2ஆம் தேதி விடியுமுன் பெரும் வேட்டை நடந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள், அரசியல் ஊழியர்கள், பத்திரிகையாளர்கள் என நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். அவர்களில் போ சூ காய் இருந்தார். ஜேம்ஸ் புதுச்சேரி இருந்தார். லீ எந்த மாணவர்களைக் காப்பாற்றக் கோர்ட்டில் நின்றாரோ, அந்த மாணவர்களே அவர் ஆட்சியில் சிறைக்குப் போனார்கள். ‘ஃபஜார்’ ஏடும் அந்த ஆண்டில் தடை செய்யப்பட்டது. 1971-ல் கழகத்தின் பதிவும் ரத்தாயிற்று. டாக்டர் போ சூ காய் இரண்டு தடவையாக மொத்தம் 17 ஆண்டு சிறையில் கிடந்தார்.

இந்தத் தடவை கோர்ட்டு எங்கே? வக்கீல் எங்கே? விசாரணை எங்கே? எதுவும் கிடையாது. இதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். 1954-ல் விசாரித்தார்கள், விசாரித்ததால் தோற்றார்கள். 1963-ல் விசாரிக்கவே இல்லை. ஆகவே தோற்கவும் இல்லை. சட்டம் கைகொடுக்காதபோது ஆளும் வர்க்கம் சட்டத்தையே ஒதுக்கி வைத்துவிட்டுப் பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொள்ளும். கெட்டிக்கார வக்கீல் ஒரு வழக்கை ஜெயித்துக் கொடுக்கலாம். ஜெயித்த உரிமையைக் காப்பாற்றித் தருவது திரண்டு நிற்கும் உழைப்பாளி மக்களின் பலம் ஒன்றுதான்.

அந்த ஏடு செய்த வேலை

அப்படியானால் ‘ஃபஜார்’ வீணாய்ப் போயிற்றா? இல்லவே இல்லை.

அந்தக் கழகத்திலும் ஏட்டிலும் பயின்றவர்கள் பலர் பட்டத்தோடு சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகாமல் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனார்கள். கழகத்தைச் சேர்ந்த உட்ஹல், இந்தியத் தொழிலாளர் பெருமளவில் உழைத்த கடற்படைத் தளத்தில் சங்கச் செயலாளரானார். ஜாமிட் சிங் துறைமுகத் தொழிலாளர்களிடம் போனார். 1955-ல் அவர்கள் 67 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி ஆலை, கடைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்து 1956-ல் சிறை புகுந்தார். சிறையிலிருந்தபடியே மலேயாவின் பொருளாதாரம் யார் உடைமை என்று ஆராய்ந்து புத்தகம் எழுதினார். 1960-ல் அது வெளிவந்தது. சீனன் சுரண்டுகிறான் என்று மலாய்க்காரனுக்கும், இந்தியன் வேலையைப் பறிக்கிறான் என்று இன்னொருவனுக்கும் கதை சொல்லி வந்தவர்களுக்கு அது பதில் சொன்னது. தோட்டத்தையும் சுரங்கத்தையும் ஏற்றுமதி வியாபாரத்தையும் ஐரோப்பியக் கம்பெனிகள் எப்படிப் பிடியில் வைத்திருக்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டியது.

குறைகளையும் மறைக்க வேண்டாம். ‘ஃபஜார்’ ஆங்கிலத்தில் வந்தது. பால்மரம் வெட்டிய தமிழ்த் தொழிலாளி அதைப் படித்திருக்க முடியாது. எட்டுப் பேரும் கடைசிவரை ஒரே பாதையில் போகவும் இல்லை. எட்வின் தம்பூ கவிஞராகவும் பேராசிரியராகவும் ஆனார். ராஜகுமார் டாக்டரானார். மாணவப் பருவம் சில வருஷம்தான். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் நிற்பது என்று தீர்மானித்தாக வேண்டும். தொழிலாளியிடம் போய்ச் சேர்ந்த எழுத்துத்தான் நிலைத்து நிற்கும். சேராத எழுத்து எவ்வளவு அழகாயிருந்தாலும் நூல்நிலைய அலமாரியோடு சரி.

பழங்கதையா இது?

அறுபது, எழுபது வருஷத்துப் பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? சிங்கப்பூரிலேயே ராஜத் துவேஷச் சட்டத்தை 2021-ல் நீக்க முடிவு செய்து 2022-ல் எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன 124-ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்தது. பழைய பெயர் போயிற்று. 152ஆம் பிரிவு என்ற புதுப் பெயரில், ஆயுள் தண்டனை வரை கொடுக்கும் அதிகாரத்தோடு அது மீண்டும் உட்கார்ந்திருக்கிறது. சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா?

சுதந்திரத்தின் காவலன் என்று மார்தட்டும் அமெரிக்காவில் என்ன நடந்தது? டஃப்ட்ஸ் சர்வகலாசாலையின் மாணவர் பத்திரிகையில் பாலஸ்தீன மக்களுக்காக 2024 மார்ச்சில் ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதிய நால்வரில் ஒருவரான துருக்கி நாட்டு ஆராய்ச்சி மாணவியை 2025 மார்ச் 25ஆம் தேதி முகமூடி போட்ட அதிகாரிகள் தெருவில் வைத்துப் பிடித்துப் போனார்கள். ஆறு வாரத்துக்கு மேல் சிறையில் வைத்தார்கள். பிறகு ஒரு நீதிபதி விடுவிக்கச் சொன்னார். துப்பாக்கியும் கப்பற்படையும் வைத்திருக்கும் சர்க்கார், ஒரு மாணவர் பத்திரிகையின் ஒரு பத்திக்கு இவ்வளவு பயப்படுவானேன்?

காரணம் இதுதான். நாளைக்கு அதிகாரியாக, மானேஜராக, வக்கீலாக உட்கார வேண்டும் என்று ஆளும் வர்க்கம் எண்ணி வளர்க்கிற பிள்ளை, இன்றைக்கே உழைப்பாளியின் பக்கம் நின்று எழுதிவிட்டால், நாளைய இயந்திரத்தில் ஒரு பல் உடைந்து போகிறது. அந்தப் பயம்.

நாம் செய்ய வேண்டியது

ஒரு காலத்தில் கல்லூரி வாசல் நமக்குத் தூரம். இன்று மில் தொழிலாளியின் மகள் கல்லூரிக்குப் போகிறாள். விவசாயத் தொழிலாளியின் மகன் சர்வகலாசாலை விடுதியில் இருக்கிறான். பிள்ளை அங்கே சங்கம், பத்திரிகை என்று போனால் நாம் பதறுகிறோம். வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தோமே, கெட்டுப் போகிறானே என்று கலங்குகிறோம். அந்தக் கலக்கம் நியாயமானதுதான். கடன் வாங்கிய கை நம்முடையது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். கூலி ஏன் உயரவில்லை, நிலம் யாரிடம் இருக்கிறது என்று நம் பிள்ளை எழுதாவிட்டால், வேறு யார் வீட்டுப் பிள்ளை எழுதும்?

பிள்ளையைத் தடுக்க வேண்டாம். கேள்வி கேளுங்கள். என்ன எழுதுகிறாய், படித்துக் காட்டு என்று சொல்லுங்கள். ஆலைக்குள் நடப்பதை, வயலில் நடப்பதைச் சொல்லிக் கொடுங்கள். புத்தகத்தில் இல்லாத பாடம் உங்களிடம் இருக்கிறது. எங்களுக்கு விளங்கும்படி தமிழில் எழுது என்று உத்தரவு போடுங்கள். சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். அவர்கள் மீது வழக்குப் பாய்ந்தால், அது மாணவர் விவகாரம் என்று ஒதுங்காமல், கோர்ட்டு வாசலில் போய் நில்லுங்கள்.

1954-ல் எட்டு மாணவர்களைக் கோர்ட்டு விடுதலை செய்தது. 1963-ல் அவர்களைக் காப்பாற்ற வேண்டிய தொழிற்சங்கங்களின் தலைவர்களையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போனார்கள். பேனா பிடித்த கையையும் சுத்தியல் பிடித்த கையையும் ஒரே நாளில் விலங்கிட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எதிரிக்குத் தெரிந்திருந்தது. அது நமக்கும் தெரிய வேண்டும்.