எரிந்தது கிளட்ச், கெட்டது யார் பெயர்?



லாரித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜின் கெட்டால் கம்பெனியைத் திட்டுவார்கள். டயர் வெடித்தால் ரோட்டைத் திட்டுவார்கள். கிளட்ச் எரிந்தால் மட்டும் யோசிக்கவே மாட்டார்கள், டிரைவரைத் திட்டுவார்கள். "பெடல் மேல காலை வெச்சுக்கிட்டே ஓட்டியிருக்கான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு. அப்பீல் கிடையாது!

டிரைவர்கள் தப்பே செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கிளட்ச் பெடலைக் கால் வைக்கும் பலகை என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மேட்டில் பிரேக் பிடிக்காமல் பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைப்பவர்களும் உண்டு. ஆனால் புது பிளேட் போட்டு இருபது நாளுக்குள் எரிந்தால் அதற்கும் டிரைவர்தான் காரணமா? பழுது பார்த்த கையை யாரும் கேட்க வேண்டாமா?

இதற்குப் பதில் நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சிங்கிள் பிளேட் கிளட்ச் எவ்வளவு டார்க் கடத்தும் என்பது நான்கு விஷயங்களைப் பொறுத்தது. உராய்வுக் கெழு, ஸ்பிரிங் அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராயும் பக்கங்கள். பரீட்சையில் வருவது போலவே ஒரு கணக்குப் போடுவோம். உராய்வுக் கெழு 0.3, விசை 10,000 நியூட்டன், சராசரி ஆரம் 0.15 மீட்டர், பக்கங்கள் 2. பெருக்கினால் 900 நியூட்டன் மீட்டர். என்ஜின் தருவது 500 என்றால் கவலையே இல்லை.

அதே பிளேட்டில் எண்ணெய் பட்டு, உராய்வுக் கெழு 0.15 ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போது வருவது 450 மட்டுமே. என்ஜின் 500 தருகிறது, கிளட்ச் 450 தான் தாங்கும். வழுக்காமல் என்ன செய்யும்? வழுக்கினால் சூடு, சூடு ஏறினால் லைனிங் கருகும். இதில் டிரைவரின் கால் எங்கே வந்தது?

இன்னொன்று பெடல் ஃப்ரீ பிளே. லிங்க் வைத்த வண்டிகளில் கொஞ்சம் ஃப்ரீ பிளே விட்டே ஆக வேண்டும். விடாமல் இறுக்கி வைத்தால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் பிங்கர்கள் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பங்கு வீணாகும். அதாவது டிரைவர் காலை எடுத்தாலும், பட்டறைக்காரரின் கால் பெடல் மேலேயே இருக்கிறது என்று அர்த்தம்! சில புது வண்டிகளில் பேரிங் தொட்டபடியே இருக்கும்படிதான் வடிவமைத்திருப்பார்கள். அதனால்தான் அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்ட வேண்டும் என்கிறேன். "எல்லா வண்டியும் ஒண்ணுதான்" என்பது பேச்சுக்குச் சரி, கிளட்சுக்குச் சரிப்படாது.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறார். பத்தாவது தாண்டிப் படிப்பது எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். போன வருஷம் அப்பா ஓட்டும் ஆறு சக்கர வண்டிக்குக் கிளட்ச் செட் மாற்றினார்கள். காலையில் விட்ட வண்டியை மாலையில் எடுத்தாயிற்று. பதினெட்டாம் நாள் திம்பம் மலை ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. என்ஜின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. வளைவில் ஒரு லாரி நின்றால் மேலே வருகிறவனும் நிற்க வேண்டும், கீழே இறங்குகிறவனும் நிற்க வேண்டும். லோடு வண்டி பின்னால் உருளாமல் இருக்க, கிளீனர் அண்ணன் மத்தியானம் முழுக்கச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தார்.

மாற்றிய பட்டறையில் கேட்டால் அதே பதில்தான், "டிரைவர் கால்!" முதலாளி அதை நம்பினார். செலவில் பாதியை அப்பா சம்பளத்தில் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டிய மாசம் அது. ஆனால் அப்பாவுக்குப் பணத்தை விட வேறொன்றுதான் வலித்தது. "இத்தனை வருஷம் ஓட்டிட்டு, கிளட்ச் மிதிக்கத் தெரியாதவன்னு பேர் வாங்கிட்டேன் பாரு கண்ணு" என்றார்.

இரண்டாவது தடவை கியர் பாக்ஸை இறக்கியது வேறொரு பட்டறையில். அங்கே ஒரு வயசான மேஸ்திரி பிளேட்டைக் கையில் எடுத்ததும் முகர்ந்து பார்த்தார். கியர் ஆயில் வாசனை! பெல் ஹவுசிங் அடியில் ஈரம். கியர் பாக்ஸ் முன்பக்க ஆயில் சீலின் உதடு கிழிந்திருந்தது. பிளைவீல் முகத்தில் பழைய பிளேட் தேய்த்த பள்ளம் அப்படியே கிடந்தது. அதன் மேலேயே புது பிளேட்டை வைத்து மூடியிருக்கிறார்கள். மேஸ்திரி சொன்னார், "முதலாளி, இது கால் செஞ்ச வேலை இல்லீங்க. கை செய்யாம விட்ட வேலைங்க." சம்பளப் பிடித்தம் நின்றது. ஆனால் எல்லா டிரைவருக்கும் அப்படி ஒரு மேஸ்திரி கிடைப்பாரா?

கிளட்ச் செட் மாற்றும்போது பார்க்க வேண்டியவை அதிகமில்லை.

1. என்ஜின் பின்பக்க ஆயில் சீல், கியர் பாக்ஸ் முன்பக்க ஆயில் சீல் இரண்டிலும் கசிவு உண்டா?

2. பிளைவீல் முகத்தில் பள்ளம், வெடிப்பு, சூட்டுத் திட்டு உண்டா? இருந்தால் லேத்துக்கு அனுப்ப வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

3. பைலட் பேரிங் சத்தமில்லாமல் சுற்றுகிறதா? கியர் பாக்ஸ் இறங்கியிருக்கும்போது இதை மாற்றாமல் விடுவது சிக்கனம் ஆகாது.

4. பிளேட்டின் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று கவனித்தார்களா? ஏற்றும்போது கியர் பாக்ஸின் பாரத்தைப் பிளேட்டின் நடுவில் தொங்க விட்டால் பிளேட் கோணிவிடும். அப்புறம் கிளட்ச் சரியாக விடாது, கியர் விழும்போது கரகரவென்று சத்தம் வரும்.

5. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்களா? பிங்கர்களின் உயரம் ஒன்று போல் இருக்கிறதா? கடைசியில் பெடல் பிளே அளந்தார்களா?

இவ்வளவுதான். இது தெரியாத மெக்கானிக் குறைவு. பிறகு ஏன் விட்டுப் போகிறது? அவசரம்! வண்டி நின்றாலும் டியூ நிற்காது. "சாயந்தரத்துக்குள்ள வண்டி வெளிய வரணும்" என்று முதலாளி நெருக்குகிறார். வேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசிய மெக்கானிக், சீல் வாங்க ஆள் அனுப்பி ஒரு மணி நேரம் காத்திருக்க யோசிக்கிறார். சில நூறு ரூபாய்ச் சீலை மிச்சம் பிடித்து, முழுக் கிளட்ச் செட்டையும் இரண்டு கூலியையும் இழக்கிறோம். ஆக, முதலாளிக்கும் இதில் பங்கு உண்டு.

என் கருத்து இதுதான். கிளட்ச் வேலைக்கு எழுத்து வேண்டும். என்ன பார்த்தோம், என்ன அளந்தோம், எதை மாற்றினோம் என்று ஐந்து வரி எழுதி, பழைய சாமான்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். "பட்டறையில் எழுத யாருக்கு நேரம் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். எழுத ஐந்து நிமிஷம் போதும். கியர் பாக்ஸை மறுபடி இறக்கி ஏற்ற ஒரு நாள் ஆகும். நேரத்தை மிச்சம் பிடிப்பது எது?

சொந்தப் பிழைப்புக்கு ஒரே ஒரு லாரி வைத்து ஓட்டுகிறவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. மோசமான பழுது வேலையைச் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் கையில் பில்லும் இல்லை, காகிதமும் இல்லை என்றால் எதைக் காட்டி வாதாடுவார்?

எழுத வேண்டியவர்கள் நாம்தான், நண்பர்களே! நம்மில் சிலருக்குக் கையில் கிரீஸ் படாத வேலை வேண்டும். பட்டறை மேஸ்திரிகளைப் பார்த்தால் இளக்காரம். அந்த மேஸ்திரியின் மூக்கு நமக்கு எந்த செமஸ்டரிலும் வராது. நம்மிடம் இருக்கும் கணக்கும் பேனாவும் அவரிடம் இல்லை. இரண்டும் ஒரே பட்டறையில் சேர்ந்தால் டிரைவர் மேல் பொய்ப் பழி விழாது.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒரே பக்கத்தில், நல்ல தமிழில் அச்சடிப்போம். அளவு எழுதக் கட்டம் போட்டு, மெக்கானிக் கையெழுத்துக்கும் டிரைவர் கையெழுத்துக்கும் இடம் விடுவோம். நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இலவசமாகக் கொடுப்போம். ஆண்டு விழாச் செலவில் ஒரு வேளை டீச் செலவு கூட ஆகாது.

கிளட்ச் எரிந்தால் "யார் ஓட்டினது?" என்று கேட்பதற்கு முன்னால், "யார் மாட்டினது? எதை அளந்தாங்க?" என்று கேட்கிற காலம் வர வேண்டும். அந்தக் கேள்வியை முதலில் கேட்கிறவர்கள் நம் கல்லூரியிலிருந்து போனவர்களாக இருக்கட்டும்!